கெட்டிமேளம் கேட்டதும் கேமரா ஏன் ஏமாற்றுகிறது?

கைப்பேசி வந்த பிறகு அலமாரிக்குள் போன சிறிய மின்னிலக்கக் கேமராக்களை இளையர்கள் மீண்டும் தேடி எடுக்கிறார்கள். கேமராவோடு பழைய குறைகளும் திரும்பிவிட்டன. சிவந்த கண்ணைக் கணினியில் திருத்தலாம். ஆடிப்போன முகத்தை அப்படி எளிதில் திருத்த முடியாது. பாட்டி அட்சதை தூவும் நேரமும் மறுபடி வராது. ஆகவே பொத்தானை அழுத்தும் முன்பே கவனிப்பது நல்லது.

சிவந்த கண்கள்

மங்கலான இடத்தில் கண்ணின் பாவை விரிந்திருக்கும். லென்சுக்கு அருகிலேயே உள்ள ஃபிளாஷின் ஒளி நேராக உள்ளே சென்று, பின்புறத்து இரத்த நாளங்களில் பட்டுத் திரும்புகிறது. அதுதான் சிவப்பு. அறை விளக்குகள் அனைத்தையும் போடுங்கள். கண் சின்னமுள்ள அமைப்பு, முதலில் ஒளியை வீசிப் பாவையைச் சுருக்கி, பிறகே படம் எடுக்கும். முதல் வெளிச்சத்தைக் கண்டதும் பலர் கலைந்துவிடுகிறார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கறுத்த முகம்

பத்துமலையில் 2006-ல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் முருகன் சிலையின் முன் நின்று படம் எடுக்காத குடும்பம் குறைவு. பின்னால் பளிச்சென்ற வானம் இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று கேமரா ஒளியைக் குறைத்துவிடும். முகங்கள் இருண்டுவிடும். பகலாக இருந்தாலும் மின்னல் சின்னத்தைத் தேர்ந்தெடுத்து ஃபிளாஷைப் போடுங்கள். அதன் ஒளி ஏறக்குறைய 3 மீட்டர்தான் எட்டும். குடும்பத்தாரைச் சிலையின் காலடியில் நிறுத்தாமல், கேமராவுக்கு அருகில் நிறுத்துங்கள்.

ஆடிப்போன படம்

மண்டபத்தின் பத்தாவது வரிசையிலிருந்து ஃபிளாஷ் போட்டுப் பயனில்லை. ஒளி போதாதபோது கேமரா தன் கதவை அதிக நேரம் திறந்து வைக்கும். அதற்குள் கை அசைந்தால் படம் மங்கும். ஸூம் செய்யாமல் முன்னே செல்லுங்கள். முழங்கையைத் தூணிலோ நாற்காலியிலோ ஊன்றுங்கள். ஐ.எஸ்.ஓ. எண்ணை 400-க்கு உயர்த்தலாம். சற்றுப் புள்ளி தெரியும். ஆடிய படத்தைவிட அது மேல்.

பொத்தானை அழுத்திய பிறகு கேமரா குவியம் தேடும். அதற்குள் முடிச்சு விழுந்துவிடும். கெட்டிமேளம் தொடங்கியதும் பொத்தானைப் பாதி அழுத்திக் காத்திருங்கள். தாலி ஏறும்போது முழுவதும் அழுத்துங்கள்.

பனி மூடிய லென்ஸ்

குளிரூட்டிய காரிலிருந்து வெளியே வந்ததும் நம் ஊர் ஈரக்காற்று குளிர்ந்த லென்சில் படியும். துடைத்தாலும் மீண்டும் படியும். கேமராவைப் பைக்குள்ளேயே கால் மணி நேரம் வைத்திருந்து எடுங்கள்.

விசேஷத்துக்கு முதல் நாள் மின்கலத்தை நிரப்பி, பாட்டியை உட்காரவைத்து நான்கு படம் எடுத்துப் பழகுங்கள். பின்னாளில் வீட்டுச் சுவரில் மாட்டும் படம் அந்த நான்கில் ஒன்றாகவும் இருக்கலாம்.