புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கும் முன்...

ஜிம்முக்குப் போகத் தொடங்கிய பிள்ளைகள் ஒரு மாதத்திற்குள் வீட்டில் கேட்கும் பொருள், புரோட்டீன் பவுடர். விலை ஆயிரக்கணக்கில். வெளிநாட்டில் இருந்து வாப்பா அனுப்பும் காசில் அதற்கும் ஒரு பங்கு போகிறது. அது உடலில் என்னதான் செய்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்குவோமே.

தசையை வளரத் தூண்டுவது தூக்கும் எடைதான். பளு தூக்கிய பிறகு தசையில் உள்ள புரதம் சிதைவதும் கூடுகிறது, புதிதாக உருவாவதும் கூடுகிறது. வெறும் வயிற்றில் இருந்தால் சிதைவு முந்தி நிற்கும். நாம் சாப்பிடும் புரதம் அமினோ அமிலங்களாகப் பிரிந்து இரத்தத்தில் கலந்ததும், உருவாவது முந்திக்கொள்ளும். பாலாடைக்கட்டி தயாரிக்கும்போது பிரியும் நீரிலிருந்து எடுக்கப்படும் 'வே' புரோட்டீன் சீக்கிரம் செரிக்கும். இதற்கு முக்கியமான லியூசின் என்ற அமினோ அமிலமும் அதில் அதிகம். விளம்பரத்தில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

ஆனால் பலன் எவ்வளவு? 49 ஆய்வுகளில் பங்கேற்ற 1,863 பேரின் முடிவுகளைத் திரட்டிப் பார்த்த கட்டுரை ஒன்று, 2018-ல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வெளியானது. பயிற்சியோடு கூடுதல் புரதமும் எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிடச் சராசரியாக 0.3 கிலோ மட்டுமே கொழுப்பற்ற எடை கூடியிருந்தது. வெறும் முன்னூறு கிராம்! உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு சுமார் 1.6 கிராம் புரதம் கிடைத்துவிட்டால், அதற்கு மேல் எடுப்பதால் கூடுதல் வளர்ச்சி தெரியவில்லை.

60 கிலோ எடையுள்ள இளைஞருக்கு இது 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், சமைத்த கோழிக்கறி 100 கிராமில் 25-க்கு மேல், மீனில் 20 அளவில். ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12-க்குக் குறையாது. பாலும் பருப்பும் சோறும் மீதியைத் தந்துவிடும். ஒரு ஸ்கூப் பவுடரில் பொதுவாக இருப்பது நான்கு முட்டையின் புரதம், அவ்வளவுதான். நம் வீட்டு அடுப்படியில் இல்லாத எதுவும் அந்த டப்பாவில் இல்லை.

பயிற்சி முடிந்த அரை மணி நேரத்திற்குள் குடித்தே ஆக வேண்டும் என்பதும் மிகைதான். பயிற்சி செய்த தசை ஒரு நாள் வரைக்கும் புரதத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும். எனவே ரமளானில் அஸருக்குப் பிறகு லேசாகப் பயிற்சி செய்பவர், இஃப்தாரிலும் ஸஹரிலும் புரதம் எடுத்தாலே போதும்.

வாங்குவதாக இருந்தால் லேபிளைப் படியுங்கள். பாலைத் திரிக்கும் நொதி கன்றின் இரைப்பையிலிருந்தும் எடுக்கப்படுவதுண்டு. கேப்சூல் என்றால் ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ஹலால் முத்திரை இருப்பதை வாங்கினால் சந்தேகம் இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் சோற்றோடு காலம் தள்ளும் பிள்ளை பளு தூக்குகிறான் என்றால், அவனுக்கு வேண்டுமானால் ஒரு ஸ்கூப் உதவும். அங்கேயும் முட்டை கிடைத்தால், முதலில் முட்டை.