ஊரின் கலத்தை அளக்கும் கல்வி

மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபி வந்தோர் பசியையெல்லாம் ஆற்றியது எனக் காப்பியம் கூறும். பசி தீர்த்தல் அக்கலத்தின் தொழில். வயிறு நிறைந்த பின்னரும் உடல் ஊட்டம் பெற்றதா என வினவுதல் இக்காலத்து அறிவியலின் தொழில். தனி ஒருவரை மாத்திரமன்றி ஓர் ஊரையும், ஒரு நாட்டையும், உலக மக்கள் அனைவரையும் நோக்கி இவ்வினாவை எழுப்பும் துறையே பொதுச் சுகாதாரப் போசணை எனப்படுவது. பல்கலைக்கழகங்களிலே பட்டப்பின் கற்கையாக வளர்ந்துள்ள இத்துறை யாது, முசலி மாணவர்க்கு அது எவ்வாற்றாற் பயன்படும் என்பனவற்றைச் சுருங்கக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வைத்தியர் தம்மிடம் வந்த நோயாளியைப் பார்க்கின்றார். இத்துறையினரோ வைத்தியசாலைக்கு வாராத பல்லாயிரவரையும் பார்க்கின்றனர். இதற்குத் தமிழர் வாழ்விலேயே தக்க சான்று உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவிலே பெரிபெரி என்னும் நோய் பெருந்தொகையினரைக் கொன்றது. கால்கள் மரத்து வீங்கி, இதயம் தளர்ந்து மாள்வர். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் பலர் மடிய, தோட்டங்களில் உழைத்த தமிழர் பெரும்பாலும் தப்பினர். இரு சாராரும் வறியர். இரு சாராரும் சோறுண்போர். ஆயின், சீனர் உண்டது தீட்டிய பச்சையரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. பிறடன் என்னும் வைத்தியர் இவ்வேறுபாட்டை எடுத்துக் காட்டினார். நம் மரிச்சுக்கட்டிக் கரையிலே பெரும் முத்துக்குளிப்பு நடந்த அதே 1905 ஆம் ஆண்டில், பிளெச்சர் என்னும் மற்றொரு வைத்தியர் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் ஒரு சாராருக்குப் பச்சையரிசியும் மற்றைச் சாராருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துச் சோதித்தார். பச்சையரிசி உண்டோரிடையே நோய் கண்டது. இருப்பிடம் காரணமோ என ஐயுற்று, இடையிலே இரு சாராரையும் இடம் மாற்றினார். அப்பொழுதும் நோய் அரிசியையே தொடர்ந்து சென்றது.

காரணம் பின்னர்த் தெளிவாயிற்று. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து மணியினுள்ளே இறங்குகின்றது. பின் ஆலையிலே தவிடு நீங்கினும் அச்சத்திற் பெரும்பங்கு எஞ்சுகின்றது. மக்கரிசன் 1918 இல் குன்னூரிலே தொடங்கிய ஆய்வகம் இத்தகைய ஆராய்ச்சிகளை வளர்த்தது. அது 1958 இல் ஐதராபாத்துக்குச் சென்று, இன்று தேசியப் போசணை நிறுவனமாக விளங்குகின்றது. குன்னூரிலே அதற்குத் தலைமை தாங்கிய ஏக்ரோயிட், பின்னர் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்திலே போசணைப் பிரிவின் முதல் இயக்குநரானார். நம் பாட்டிமார் நெல்லவித்த கிடாரத்திலும் உலகம் கற்கத்தக்க பாடம் இருந்ததன்றோ!

இனி, இக்கல்வியிற் கற்பன யாவை? ஒரு வீட்டார் உண்பதை நிறுத்துக் கணக்கிடல். குழந்தைகளின் உயரம், நிறை, மேற்கைச் சுற்றளவு ஆகியவற்றை வழுவின்றி அளத்தல். அவ்வளவைகளைப் புள்ளிவிவர முறையால் ஆராய்தல். நோய் எவரிடை, எவ்விடத்து, எக்காலத்து மிகுகின்றது என அறிதல். உணவின் விலையும் அரசின் கொள்கையும் மக்களின் கலத்தை எவ்வாறு மாற்றுகின்றன என ஆய்தல் என்பன முதன்மையானவை. முடிவிலே ஆய்வுரை ஒன்று எழுதுதல் வேண்டும். 1899 இல் நிறுவப்பெற்ற இலண்டன் சுகாதார வெப்பவலய மருத்துவக் கல்லூரி, உலக மக்களின் போசணை பற்றிய முதுமாணிக் கற்கையை ஓராண்டிலே பயிற்றுகின்றது. நம் நாட்டிலே கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனமும் இத்துறையைக் கற்பிக்கின்றது. கருவுற்ற தாய்மார் பெறும் திரிபோஷ மாவும், அயடீன் கலந்த உப்பும் இவ்வறிவின் பயன்களே.

யான் முதலிற் கற்பித்த பாடசாலை ஒன்றிலே, காலைப் பிரார்த்தனையின்போது மாணவன் ஒருவன் மயங்கி வீழ்ந்தான். வெயிலின் கொடுமை என எண்ணி நீர் தெளித்தோம். தெளிந்த பின்னர், காலையில் என்ன உண்டாய் எனக் கேட்டேன். "வெறுந் தேத்தண்ணி, சேர்" என்றான். அவன் தந்தையார் கடற்றொழிலாளி. கடலும் வயலும் அருகிருக்க, அப்பிள்ளை ஏன் வீழ்ந்தான் என்னும் வினா இன்றுவரை என்னை விட்டகலவில்லை.

சிலாவத்துறையிலும் அரிப்பிலும் கரைசேரும் மீனில் எத்துணை அவ்வூர்ப் பிள்ளைகளின் கலத்தை அடைகின்றது? உணவோடு அருந்தும் தேநீர், உணவின் இரும்புச்சத்தை உடல் ஏற்காது தடுக்கும் என்பர். நம் தாய்மாரிடை அதன் விளைவு யாது? 1990 இல் இடம்பெயர்ந்து நெடுங்காலம் நிவாரண உணவில் வளர்ந்து, போர் முடிந்தபின் மீண்டோரின் உணவுப் பழக்கம் எவ்வாறு மாறியது? ஒரே வீட்டிலே பேரன் மெலிந்திருக்கப் பாட்டனார் நீரிழிவால் வருந்துவது எதனால்? அளந்து பார்த்தாலன்றி இவற்றுக்கு விடை கிட்டாது.

மருத்துவ பீடத்துக்கு வேண்டிய புள்ளி கிடைக்கவில்லை என்றதும் எல்லாம் முடிந்ததெனச் சோரும் விஞ்ஞான மாணவரை ஆண்டுதோறும் காண்கின்றேன். அவர்க்கு ஒன்று கூறுவேன். கிளிநொச்சியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்திலோ, வயம்பப் பல்கலைக்கழகத்தின் உணவு, போசணைக் கற்கையிலோ பட்டம் பெற்றோரும் இம்முதுமாணிப் படிப்பை நாடலாம். பிறநாடுகளில் வாழும் பழைய மாணவர்காள்! மண்டபமும் மதிலும் கட்டித் தந்தீர்; நன்றி மறவோம். இனி, ஒரு மாணவன் இக்கல்வியைக் கற்று முசலிக்கு மீளவும் கைகொடுப்பீராக. காலைப் பிரார்த்தனையில் ஒரு பிள்ளையும் மயங்கி வீழாத நாளே நம் கல்லூரிக்கு உண்மையான விழா நாளாகும்.