தலாக்கிற்குப் பின் வீடும், வீட்டின் மீதுள்ள கடனும்

 

 

தலாக்கைப் பற்றி மிம்பர்களில் நாம் நிறையவே பேசியிருக்கிறோம். எப்போது சொல்லலாம், எத்தனை முறை, யார் சாட்சி என்பதெல்லாம் மக்களுக்கு ஓரளவு தெரியும். ஒரே அமர்வில் முத்தலாக் சொல்வதைக் குற்றமாக்கும் சட்டம் 2019-ல் வந்தபோது, பல வாரங்கள் அதுவே பேச்சாக இருந்தது. ஆனால் தலாக் முடிந்த மறுநாள் காலையில் அந்தக் குடும்பத்தின் முன் வந்து நிற்கும் கேள்வியை நாம் பேசியதில்லை. பிள்ளைகள் படுத்துறங்கும் வீடு யாருக்கு? அதன் மீதுள்ள கடனை அடைப்பவர் யார்?

2022-ஆம் ஆண்டு ஒரு நாள் அஸருக்குப் பின் ஒரு சகோதரி தம் தமையனாருடன் பள்ளிவாசலுக்கு வந்தார். சம்பந்தப்பட்டவர்களின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். குலா முடிந்து இத்தாவில் இருந்தார். கையில் ஒரு துணிப்பை. அதனுள் பத்திர நகல்களும் வங்கிக் கடிதங்களும். "ஹஜ்ரத், வீட்டை விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் பிள்ளைகளின் அத்தா. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? மிச்சக் கடனை நானே அடைத்து வீட்டை வைத்துக்கொள்ள மார்க்கத்தில் வழியிருக்கிறதா?" என்று கேட்டார்.

உடனிருந்த பெரியவர் ஒருவர், "தாய் வீடு இருக்கும்போது பெண்பிள்ளைக்குத் தனி வீடு எதற்கு?" என்றார். இச்சொல்லை நம் ஊர்களில் அடிக்கடி கேட்கிறோம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வீட்டைப் பெண்மக்களுக்கே கொடுக்கும் வழக்கம் தலைமுறைகளாக இருந்து வருகிறது; அங்கே மணவாழ்வு முறிந்தால் பெண் வீட்டை விட்டு வெளியேறுவதில்லை. பெண் கணவன் வீட்டிற்குச் செல்லும் ஊர்களில்தான் இந்தக் கேள்வி கண்ணீரோடு வருகிறது.

அல்லாஹ் தன் திருமறையின் 65-ஆம் அத்தியாயமான ஸூரத்துத் தலாக்கின் முதல் வசனத்திலேயே, இத்தா இருக்கும் பெண்களை வீடுகளிலிருந்து வெளியேற்ற வேண்டாம் எனத் தடுக்கிறான். அங்கே அந்த வீட்டைக் கணவனின் வீடு எனக் குறிப்பிடாமல் அப்பெண்களின் வீடு என்றே குறிப்பிடுகிறான். பட்டா யார் பெயரில் இருந்தாலும் அந்த நாட்களில் அது அவள் குடியிருக்கும் உரிமையுள்ள வீடு. முற்றிலும் பிரிந்த பெண்ணுக்கு இத்தா முடியும் வரை உறைவிடமும் செலவும் உண்டு என்பது ஹனஃபி மத்ஹப். உறைவிடம் உண்டு, கர்ப்பிணியாயின் செலவும் உண்டு என்பது ஷாஃபிஈ மத்ஹப். உறைவிடத்தில் இரு மத்ஹபும் ஒன்றே. இத்தாவிற்குப் பின் அவளது குடியுரிமை முடிந்தாலும், பிள்ளைகளின் உணவும் உடையும் உறைவிடமும் தந்தையின் பொறுப்பாகவே தொடர்கின்றன. பிள்ளையைக் காரணமாக்கித் தாயும் வருத்தப்படக்கூடாது, தந்தையும் வருத்தப்படக்கூடாது என்ற 2:233-ஆம் வசனத்தின் கருத்தை இரு தரப்பாரும் நினைவிற் கொள்ள வேண்டும்.

சரி, வீடு யாருடையது? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். இஸ்லாத்தில் கணவன் சொத்தும் மனைவி சொத்தும் திருமணத்தால் ஒன்றாகக் கலந்துவிடுவதில்லை. ஆண்கள் சம்பாதித்தது ஆண்களுக்கு, பெண்கள் சம்பாதித்தது பெண்களுக்கு என்பது 4:32-ஆம் வசனம் தரும் அடிப்படை. எனவே மனைவி வீட்டிற்காகக் கொடுத்தது அன்பளிப்பா, கடனா, பங்கா என்று பிரித்தறிந்தாக வேண்டும். அன்பளிப்பென்றால் தம்பதியர் ஒருவருக்கொருவர் கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது. கடனென்றால் அது கணவனின் தலைமேல் நிற்கும். பங்கென்றால் அந்த அளவிற்கு வீடே அவளுடையது. கொடுக்கும் நாளில் யாரும் இதைப் பேசுவதில்லை. பேசினால் குடும்பத்தில் நம்பிக்கை இல்லை என்று அர்த்தமாம்! கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் 2:282-ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம்.

அந்தச் சகோதரியின் விவகாரத்தில் வீடு இருவர் பெயரிலும் பாதிப் பாதியாக இருந்தது. 2014-ல் வாங்கியபோது அவருடைய 14 பவுன் நகை விற்கப்பட்டு முன்பணமானது. அப்போது பவுன் ஏறத்தாழ 21 ஆயிரம் ரூபாய். கணவர், "அவள் குடும்பத்துக்காகத் தந்தாள், அது கணக்கில் வராது" என்றார். மனைவியோ, "கடனாகத்தான் தந்தேன்" என்றார். எழுத்து எதுவும் இல்லை.

பஞ்சாயத்து நீண்டுகொண்டே போனது. அப்போது கணவரின் தந்தை எழுந்தார். எழுபதைக் கடந்தவர், அதுவரை வாய் திறக்காமல் இருந்தவர். "நகையை வாங்கும்போது, 'கை நிமிர்ந்ததும் அதே எடைக்குச் செய்து தருகிறேன்' என்று என் மகன் சொன்னதை நான் காதால் கேட்டேன்" என்றார். சபை அமைதியாயிற்று. தமக்கும் பெற்றோருக்கும் நெருங்கிய உறவினருக்கும் பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கச் சொல்லும் 4:135-ஆம் வசனத்தைப் பல முறை ஓதியிருக்கிறேன். அது ஒரு மனிதராக எழுந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். மகன் தலைகுனிந்து ஒப்புக்கொண்டார்.

அடுத்து ஒரு நுணுக்கம். மனைவி நகையை விற்றுப் பணத்தைக் கடனாகத் தந்திருந்தால், திருப்பித் தரவேண்டியது அந்தப் பணத்தைத்தான். ஏறத்தாழ 3 லட்சம். இங்கோ நகையாகவே பெற்று, அதே எடைக்குத் தங்கமாகத் தருவதாக வாக்களித்திருக்கிறார். ஆகவே கடன் 14 பவுன் தங்கம். விலை ஏறினாலும் இறங்கினாலும் எடை மாறாது. பணமாகத் தீர்ப்பதானால் தீர்க்கும் நாளின் விலையே கணக்கு. 2022-ல் பவுன் 39 ஆயிரத்தை ஒட்டி இருந்தது. கொடுபடாதிருந்த மஹர் 2 பவுன். குலாவின்போது மஹரை விட்டுக்கொடுப்பதாகப் பேச்சு இல்லை என்பதால் அதுவும் கடனே. மஹரைக் கடன் என்று நினைக்காத கணவன்மார்கள் நம்மில் எத்தனை பேர்! ஆக 16 பவுன், சுமார் 6 லட்சத்து 24 ஆயிரம். வீட்டின் மதிப்பு 18 லட்சம், வங்கிக்கு மிச்சம் 6 லட்சம். கழித்தால் 12 லட்சம், கணவரின் பங்கு 6 லட்சம். அவர் தம் பங்கை விட்டுக்கொடுப்பது, அந்தச் சகோதரி மீதி 24 ஆயிரத்தைத் தள்ளுபடி செய்து வங்கிக் கடனை ஏற்பது என்று முடிவாயிற்று.

தள்ளுபடிக்கு நம்மிடம் அழகான முன்மாதிரி உண்டு. கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள், இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் தமக்கு வரவேண்டிய கடனைப் பள்ளிவாசலில் கேட்க, இருவர் குரலும் உயர்ந்தது. நபி (ஸல்) அவர்கள் தம் அறையின் திரையை விலக்கி, பாதியைக் குறைத்துக்கொள்ளுமாறு கஅபுக்குச் சைகை காட்டினார்கள். அவர் உடனே இசைந்தார். பிறகு மற்றவரை நோக்கி, எழுந்து மீதியைக் கொடுத்துவிடச் சொன்னார்கள். புகாரீயில் வரும் இச்செய்தியில் பலர் முதற்பாதியை மட்டுமே சொல்கிறார்கள். குறைத்தவருக்கு மீதி உடனே கிடைக்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்பின் பகுதியாகும்.

வங்கிக் கடன் வட்டிக் கடன். அதில் நுழைந்ததே தவறு. அதை மறைத்துப் பேச எனக்கு அதிகாரமில்லை. ஆனால் நுழைந்துவிட்டவர் தவ்பாச் செய்து, எவ்வளவு விரைவில் வெளியேற முடியுமோ அவ்வளவு விரைவில் வெளியேறுவதே கடமை. இதற்கு நாட்டுச் சட்டத்தில் ஒரு வசதியும் உண்டு. மாறும் வட்டியிலுள்ள வீட்டுக்கடனைத் தனிநபர் முன்கூட்டியே அடைத்தால் வங்கிகள் அபராதம் வசூலிக்கக் கூடாது என 2012-ல் ரிசர்வ் வங்கி தடை செய்துவிட்டது.

இன்னொன்றையும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். இருவரும் கையெழுத்திட்ட கடனிலிருந்து தலாக் யாரையும் விடுவிக்காது. ஜமாஅத்தில் எழுதிய முச்சலிக்கையை வங்கி ஏற்காது. தவணை தவறி 90 நாட்கள் கடந்தால் அது வாராக்கடன் ஆகிறது. பின்னர் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் அறிவிப்புக் கொடுத்து வீட்டையே கைப்பற்ற முடியும். "அவள் கட்டுவாள்" என்று அவரும், "அவர் கட்டட்டும்" என்று இவரும் இருந்து வீட்டை ஏலத்தில் இழந்தவர்கள் உண்டு. மேலும், அடமானத்திலுள்ள பொருளை அடமானம் பெற்றவரின் இசைவின்றிக் கைமாற்றுவது ஃபிக்ஹிலும் சிக்கலானது. எனவே உடன்பாட்டை முத்திரைத்தாளில் சாட்சிகளுடன் எழுதி, கடன் தீர்ந்ததும் கணவர் விடுதலைப் பத்திரம் பதிந்து தருவதென வைத்தோம்.

அந்தச் சகோதரி பள்ளிக்கூட ஆசிரியை. மாதம் 14 ஆயிரம் சம்பளம். மாடியை வாடகைக்கு விட்டார். தமையனார் 2 லட்சம் கர்ளன் ஹஸனாகக் கொடுத்தார். மீதிக்காக ஜகாத் கேட்டபோது, "சொந்த வீடு உள்ளவளுக்கு ஜகாத்தா?" என்றார் ஒருவர். குடியிருக்கும் வீடு அத்தியாவசியத் தேவை. அது ஒருவரைச் செல்வராக்கிவிடாது. 9:60-ஆம் வசனம் ஜகாத் பெறுவோரில் கடனாளிகளையும் எண்ணியுள்ளது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ஜகாத் அவருடைய கையில், அவருக்கு உடைமையாகச் சேர வேண்டும், அதன் பின் அவர் கடனை அடைக்கலாம். ஊரில் திரண்டது ஒன்றேகால் லட்சம்.

எல்லோரும் வீட்டைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போய், பிள்ளைகள் அரை வயிறாக இருப்பதானால் விற்றுவிடுவதே நலம். திவாலானவர் குடியிருக்கும் வீடும் கடனுக்காக விற்கப்படும் என்பது ஷாஃபிஈ மத்ஹப். இன்றியமையாத வீட்டை விட்டுவைக்க வேண்டும் என்பது ஹன்பலி மத்ஹப். அறிஞர்கள் இவ்வளவு ஆராய்ந்திருப்பதே விஷயம் எளிதல்ல என்பதைக் காட்டுகிறது.

இந்த இடத்தில் ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சுவர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் பெற்ற பதின்மரில் ஒருவர். ஹிஜ்ரி 36-ல் ஷஹீதானபோது அவர்களுடைய கடன் 22 லட்சம். மக்கள் அமானிதம் வைக்க வந்தால், அது தொலைந்துவிடுமோ என அஞ்சி, கடனாகவே பெற்றுக்கொள்வார்கள். அப்படிச் சேர்ந்த கடன். மதீனாவில் மட்டும் 11 வீடுகள் இருந்தன; ரொக்கம் இல்லை. மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள், தந்தை 1 லட்சத்து 70 ஆயிரத்திற்கு வாங்கிய ஃகாபா நிலத்தை 16 லட்சத்திற்கு மதிப்பிட்டுக் கொடுத்துக் கடனைத் தீர்த்தார்கள். அதன் பிறகும் வாரிசுகளுக்குப் பங்கிடவில்லை. கடன் கொடுத்தவர்கள் வரட்டும் என நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் அறிவித்த பின்னரே பங்கிட்டார்கள்.

அதே ஸுபைர் (ரலி) அவர்கள் தம் வீடுகளை வக்ஃபு செய்தபோது இட்ட நிபந்தனையையும் புகாரீ இமாம் பதிவு செய்திருக்கிறார்கள். பெண்மக்களில் மணவிலக்காகித் திரும்பி வருபவள் அதில் குடியிருக்கலாம். அவளும் பிறருக்குத் தொல்லை தரக்கூடாது, அவளுக்கும் யாரும் தொல்லை தரக்கூடாது. மறுமணத்தால் தேவை தீர்ந்தால் அவளது உரிமை முடியும். நம் செல்வந்தர்கள் பள்ளிவாசலுக்குக் கடைகளையும் தோப்புகளையும் வக்ஃபு செய்திருக்கிறார்கள். திரும்பி வரும் பெண்ணுக்காக ஓர் அறையையேனும் வக்ஃபு செய்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அந்தக் கடன் 2025-ல் தீர்ந்தது. முழுக்கடனும் தீர்ந்த 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளதால் பத்திரங்கள் காலத்தோடு கிடைத்தன. அடமானம் நீங்கியதை வில்லங்கச் சான்றிதழில் பார்த்து உறுதி செய்த பிறகு, முன்னாள் கணவர் பத்திரப் பதிவு அலுவலகத்திற்கு வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். அவருக்கு அப்போது வேறு குடும்பம் இருந்தது, வராமலும் இருந்திருக்கலாம். அவருடைய தந்தை பெருநாளன்று பேரப்பிள்ளைகளைக் காண அந்த வீட்டிற்கு வருகிறார்.

இதன் பின் எங்கள் ஜமாஅத்தில் நிக்காஹ் தஃப்தரோடு தனியாக ஒரு பதிவேடு வைத்தோம். மனைவியின் நகையையோ பணத்தையோ கணவன் வாங்கினால், என்ன பொருள், எத்தனை பவுன், கடனா அன்பளிப்பா பங்கா என்று இருவரும் வந்து எழுதிக் கையொப்பமிடலாம். இதுவரை வந்து எழுதியவை நான்கு குடும்பங்கள்.