வேலை முடிந்தது என்று யார் சொல்வது?

மேடவாக்கம் கூட்ரோட்டில் காலை எட்டரைக்கு ஒரு டீயோடு நின்றால், கழுத்தில் அடையாள அட்டை தொங்க சோழிங்கநல்லூர் வண்டிக்குக் காத்திருப்பவர்களைப் பார்க்கலாம். அவர்களில் பிராஜெக்ட் மேனேஜர்களுக்குப் பஞ்சமே இருக்காது. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், அங்கே வைத்துத்தான் கேட்டார்: "என் மருமகளும் பிராஜெக்ட் மேனேஜர்தான் சார். நாள் பூரா போன்லயே பேசிக்கிட்டு இருக்கா. நீடித்த பொருளாதாரத்தைக் கட்டி எழுப்பப்போறதே இவங்கதான்னு பேப்பர்ல போட்டிருக்கான். எப்படி சார்?"

நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம் என்பதால் இன்னொரு டீ சொல்லிவிடலாம்.

முதலில் அந்த வேலை என்ன என்று பார்ப்போம். காலம், செலவு, வேலையின் அளவு, இந்த மூன்றையும் ஒருசேர இழுத்துப் பிடிப்பவர் பிராஜெக்ட் மேனேஜர். ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டும் ஆடும். நம் ஊர்க் கல்யாண காண்டிராக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தத்துக்கு முன்னால் டிபன், பேசிய தொகைக்குள் சாப்பாடு, இலையில் சொன்னபடி அத்தனை அயிட்டம். மூன்றும் நடந்துவிட்டால் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கிவிடுவார். மறுநாள் மண்டபத்தின் பின்வாசலில் குவிந்து கிடக்கிற எச்சில் இலையும் தண்ணீர் பாட்டிலும் அவர் கணக்கில் வராது. மண்டபக்காரர் கணக்கிலும் வராது. அந்தப் பின்வாசலையும் கணக்கில் சேர்த்துக்கொள்வதுதான் நீடித்த பொருளாதாரம். இன்றைய தேவைக்காக நாளைக்கு வருகிறவர்களின் பங்கில் கை வைக்கக் கூடாது என்று ஐ.நா. அமைத்த புருண்ட்லாண்ட் ஆணையம் 1987-இல் சொன்னதன் சாரமும் இதுதான்.

சென்னையின் தெற்குப் பாதிக்குப் பின்வாசல் எது என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பள்ளிக்கரணை தாண்டி துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் திரும்பினால் மூக்கே சொல்லிவிடும். பெருங்குடி குப்பைக் கிடங்கு. சதுப்பு நிலத்தின் மேலேயே 1980-களின் பிற்பகுதியில் இருந்து கொட்டிக் கொட்டி, 225 ஏக்கரில் மலையாக நின்றது. தினமும் லாரி நேரத்துக்கு வந்தது, தெரு சுத்தமானது, அன்றைய வேலை அன்றைக்கே முடிந்தது. முப்பது வருடம் ஒவ்வொரு நாளும் 'முடிந்த' வேலை சேர்ந்து அந்த மலை ஆனது. 2022 ஏப்ரல் கடைசியில் அது தீப்பிடித்துச் சில நாள் புகைந்தபோது, பழைய பாக்கியை மூச்சுக்குழாயால் கட்டினோம்.

அதைத் தோண்டிப் பிரிக்கும் வேலையும் தொடங்கியது. பயோமைனிங் என்று பெயர். சுமார் 350 கோடி ரூபாய்த் திட்டம், ஆறு பகுதிகளாகப் பிரித்து ஒப்பந்தம் விடப்பட்டது. இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

பொக்லைன் வைத்துப் பழைய குப்பையைத் தோண்டி, நீள நீளமான வரப்புகளாகக் குவிப்பார்கள். நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, வாரம் ஒருமுறை புரட்டிப் போட்டுச் சில வாரம் காய விடுவார்கள். ஈரம் வற்றி, நாற்றம் அடங்கிய பிறகு, துளை போட்ட பெரிய உருளைச் சல்லடைக்குள் அனுப்புவார்கள். சல்லடை சுற்றச் சுற்ற மண் தனியாக, கல்லும் கட்டட இடிபாடும் தனியாக, பிளாஸ்டிக்கும் துணியும் தனியாக விழும். கல்லும் இடிபாடும் பள்ளம் நிரப்பப் போகும். இரும்பும் கண்ணாடியும் பழைய சாமான் வியாபாரத்துக்குப் போகும். எரியக்கூடிய பிளாஸ்டிக்கும் துணியும் சிமென்ட் ஆலைச் சூளைக்கு நிலக்கரிக்குப் பதிலாகப் போக வேண்டும். நம் மாநிலத்தில் சிமென்ட் ஆலைகள் நெருக்கமாக இருக்கிற அரியலூர் இங்கிருந்து சுமார் 250 கிலோமீட்டர்.

"நல்ல ஏற்பாடுதானே சார், இதுல மேனேஜருக்கு என்ன வேலை?" என்றார் பெரியவர்.

எல்லா வேலையும் அவருக்குத்தான். ஈரக் குப்பையைச் சலித்தால் சல்லடைக் கண் அடைத்துக்கொள்ளும், பிளாஸ்டிக்கோடு சேறு ஒட்டிக்கொண்டு வரும். சேறு ஒட்டிய சரக்கில் சாம்பல் அதிகம், சூடு குறைவு. சிமென்ட் ஆலை லாரியைத் திருப்பி அனுப்பிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே மழை. அப்படியானால் வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்று கணக்குப் போட்டு கெடு கொடுத்தால் என்ன ஆகும்? கெடுவைப் பிடிப்பதற்காக ஈரத்தோடு சலிப்பார்கள். சலித்தது எங்கேயும் விலை போகாது. பெரிய மலை சின்னச் சின்ன மலைகளாக வேறு மூலைக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

பணம் எதற்குக் கொடுக்கிறோம் என்பது அடுத்தது. தோண்டிய கன மீட்டருக்கு மட்டும் பில் போடலாம் என்று ஒரு ஒப்பந்தம் எழுதினால், காண்டிராக்டர் தோண்டிக்கொண்டே இருப்பார். பிரித்த சரக்கு ஆலைக்குப் போய்ச் சேர்ந்ததற்கு எடைச் சீட்டு, மண்ணைப் பரிசோதித்த அறிக்கை, காலியான நிலத்தின் அளவு, இவை வந்தால்தான் முழுத் தொகை என்று எழுதினால் அதே காண்டிராக்டர் அதே எந்திரத்தை வைத்து வேறு மாதிரி வேலை செய்வார். கொள்கை ஏற்கெனவே இருக்கிறது. பழைய குப்பையைப் பிரித்தெடுக்க வழி பார்க்கச் சொல்லும் திடக்கழிவு விதிகள் 2016-இலேயே வந்துவிட்டன. அந்த விதி நிஜமாவதும் ஏட்டோடு நிற்பதும், 'வேலை முடிந்தது' என்று எதை வைத்து ஒப்புக்கொள்கிறோம் என்கிற ஒற்றை வரியில் இருக்கிறது. அந்த வரியை எழுதுகிறவரும், சைட்டில் நின்று அதை விட்டுக்கொடுக்காமல் பார்த்துக்கொள்கிறவரும்தான் பிராஜெக்ட் மேனேஜர்.

இன்னொன்று, நம் வீட்டு வாசலுக்கே வருகிறது. மேடவாக்கத்தில் எந்தத் தெருவில் பார்த்தாலும் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. உலகம் முழுவதும் வெளியேறும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமென்ட் தொழிலில் இருந்து வருகிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது எரிபொருளில் இருந்து மட்டுமல்லாமல் கல்லில் இருந்தே வாயு வெளியேறும். அனல் மின்நிலையச் சாம்பலைக் கலந்த பி.பி.சி. சிமென்டில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கலாம் என்று இந்தியத் தர விதி சொல்கிறது. சாம்பல் கூடுகிற அளவுக்குச் சுட்ட கல் குறையும், எண்ணூர்ப் பக்கம் சாம்பல் குட்டைக்குப் போவதும் குறையும்.

ஆனால் பி.பி.சி. மெதுவாகத்தான் பலம் ஏறும். சாதாரண சிமென்ட் போட்ட 4.5 மீட்டர் வரையிலான ஸ்லாபுக்கு முட்டு குறைந்தது ஏழு நாள் நிற்க வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. வேறு சிமென்ட் என்றால் அதற்குத் தக்கபடி நாளைக் கூட்ட வேண்டும். சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை ஓடும், ஆள் சும்மா நிற்பார். அவசரப்படும் மேனேஜர் உடனே சாதாரண சிமென்டுக்குத் தாவுவார். யோசிக்கிறவர் அட்டவணையை மாற்றுவார்: மேல்தளத்தில் முட்டு நிற்கிற நாட்களில் அடுத்த பிளாக்கில் செங்கல் வேலை, கீழே பைப் வேலை. செலவு ஏறாமல் சாம்பலும் கலந்தாயிற்று. பசுமைக் கட்டடம் என்று போர்டு வைக்காமலே நடக்கக்கூடிய காரியம் இது.

இதில் நேரம் முக்கியம். எவ்வளவு முன்னால் யோசிக்கிறோமோ அவ்வளவு மலிவு. டெல்லி மெட்ரோவின் முதல் கட்டம், 65 கிலோமீட்டர், 2005 டிசம்பரில் கெடுவுக்கு முன்பே முடிந்தது. அதற்காக, திட்டத்தை நடத்திய ஸ்ரீதரனை நாடே கொண்டாடியது. அதே மெட்ரோவில் இன்னொரு காரியமும் நடந்தது. பிரேக் போடும்போது ரயில் மின்சாரம் தயாரித்து மேல்கம்பிக்குத் திருப்பிக் கொடுக்கும், பக்கத்தில் ஓடுகிற இன்னொரு ரயில் அதை எடுத்துக்கொள்ளும். இந்த மின்சேமிப்புக்காக 2007-இல் ஐ.நா.வின் தூய்மை வளர்ச்சி ஏற்பாட்டில் அது பதிவு பெற்றது. உலகில் எந்த ரயில் திட்டத்துக்கும் முன்னால் கிடைத்த பதிவு. ரயில் பெட்டி வாங்கும் டெண்டரில் எழுதியிருந்ததால் கிடைத்தது. ஓட ஆரம்பித்த பிறகு யோசித்திருந்தால் பெட்டியையே மாற்ற வேண்டியிருக்கும்.

"எங்க மருமக கம்ப்யூட்டர்லதானே வேலை பார்க்கிறா, அவளுக்கு இது பொருந்துமா?" என்று விடாமல் கேட்டார். பொருந்தும். யாரும் பயன்படுத்தாத மென்பொருளுக்காக எங்கேயோ ஒரு சர்வர் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும், ஏ.சி.யும் சேர்ந்து ஓடும். திட்டம் தொடங்கும்போதே 'இதை எப்போது நிறுத்துவோம்' என்று எழுதி வைக்கிற மேனேஜர் கரண்டையும் மிச்சம் பிடிக்கிறார், கம்பெனிப் பணத்தையும் மிச்சம் பிடிக்கிறார்.

இனி கஷ்டமான பகுதி. திட்டத்துக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு, தண்ணீருக்குக் கிடையாது. செம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சி, மேடவாக்கம் ஊராட்சி, பள்ளிக்கரணை சென்னை மாநகராட்சி. மழைநீர் இவை அத்தனையையும் கடந்து சதுப்பு நிலத்துக்குப் போய், அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கு இறங்க வேண்டும். ஒருவர் தன் எல்லைக்குள் அருமையாக வடிகால் கட்டி, எல்லை முடிகிற இடத்தில் தண்ணீரைப் பக்கத்து ஊருக்குள் தள்ளிவிட்டுப் போகலாம். அவர் ஏட்டில் வேலை நூறு சதவீதம் முடிந்திருக்கும். மெட்ரோவும் இப்படித்தான். மாதவரத்தில் இருந்து சோழிங்கநல்லூர் போகும் ஐந்தாம் வழித்தடம் நம் ஊர் வழியாக வருகிறது. இரண்டாம் கட்டம் மொத்தம் 63,246 கோடி ரூபாய். ஸ்டேஷன் பளபளவென்று திறந்து, அதை எட்டுகிற கடைசி அரை கிலோமீட்டரில் நடைபாதை இல்லாவிட்டால், ஜனங்கள் பைக்கிலேயே போவார்கள். அந்த அரை கிலோமீட்டர் வேறு துறையின் பொறுப்பு. ஆனாலும் அந்தத் துறையோடு முதல் வருடமே உட்கார்ந்து பேசுவது மேனேஜரின் வேலை.

நோக்கம் நல்லதாக இருந்தாலும் தப்பிவிட முடியாது. காற்றாலை ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனம் நம் வேளச்சேரி–தாம்பரம் சாலையில்தான் இருக்கிறது, அதே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலப் பரப்பில். காற்றாலையில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி, அதற்கு இப்படி ஒரு நிறுவனம் தேவைதான். ஆனால் இடம் பார்த்தபோது அந்த நீர்நிலை என்ன கொடுக்கிறது என்று யாரும் விலை போட்டிருக்க மாட்டார்கள். அந்தச் சதுப்பு நிலத்தில் மிஞ்சிய சுமார் 1,247 ஹெக்டேர் 2022-இல்தான் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

எல்லாப் பழியையும் மேனேஜர் தலையில் போடவும் கூடாது. 150 கோடிக்கு மேற்பட்ட மத்திய திட்டங்களைப் புள்ளியியல் அமைச்சகம் தொடர்ந்து கண்காணிக்கிறது. அந்த அறிக்கைகளில் முக்கியமாக வருவது எத்தனை மாதம் தாமதம், எத்தனை கோடி கூடுதல் என்பதுதான். கேட்கிற கேள்வி எதுவோ அதற்குத்தான் யாரும் ஓடுவார்கள். டெண்டரில் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை, அதாவது எல்-1, என்கிற பழக்கமும் பெரிய கட்டு. 2021 அக்டோபரில் மத்திய நிதி அமைச்சகம் கொள்முதலுக்கும் திட்ட மேலாண்மைக்கும் பொது அறிவுறுத்தல்கள் வெளியிட்டு, குறிப்பிட்ட கட்டுமான வேலைகளில் தரத்துக்கும் மதிப்பெண் போடலாம் என்றது. அதற்கு உச்சவரம்பு 30 சதவீதம். மீதி விலைக்கே. கதவு திறந்திருக்கிறது, கொஞ்சமாக.

அதை இன்னும் தள்ளித் திறக்க நமக்கும் இடம் இருக்கிறது. மேடவாக்கம் ஊராட்சி என்பதால் வருடத்தில் ஆறு நாள் கிராம சபை கூடும். அடுத்த முறை சாலை, வடிகால், ஏரி வேலை எதுவானாலும் எஸ்டிமேட் எவ்வளவு, எப்போது முடியும் என்பதோடு நிறுத்த வேண்டாம். தோண்டிய மண்ணும் குப்பையும் எங்கே போகிறது, சீட்டு இருக்கிறதா? தண்ணீர் நம் எல்லை தாண்டி எந்த வழியாகப் போகும், அந்த ஊர்க்காரர்களிடம் பேசியாயிற்றா? திறப்பு விழா முடிந்து ஐந்தாம் வருடம் இதைப் பராமரிக்க எந்தத் தலைப்பில் பணம்? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கித் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ஒருமுறை பதில் சொல்ல வேண்டி வந்த என்ஜினியர், அடுத்த எஸ்டிமேட்டை அந்தக் கேள்விகளை மனதில் வைத்துத்தான் போடுவார்.