புல்தரையைத் தோண்டியது யார்?

மதுரை கூடல்நகரில் அக்கா வீட்டு முற்றத்தில் பாய் விரித்த மாதிரி ஒரு புல்தரை உண்டு. போன மாதம் அங்கே போனபோது ஐந்து இடத்தில் மண் குவிந்து கிடந்தது.

"மாமா, இது அகழெலி வேலைதானே? கார்ட்டூன்ல பாத்திருக்கேன்!" என்றான் மருமகன்.

அகழெலி ஐரோப்பாவில் உண்டு, வட அமெரிக்காவில் உண்டு. நம் நாட்டிலும் டார்ஜிலிங் பக்கம் போனால் உண்டு. மதுரைச் சமவெளியில் கிடையாது. தவிர, அது மண்புழு தின்னும் பிராணி. மண்ணைக் கீழிருந்து மேலே தள்ளும், குவியலில் வாசலே தெரியாது. இங்கேயோ குவியலை ஒட்டி ஓட்டை, பக்கத்தில் கடித்துப் போட்ட சேப்பங்கிழங்கு.

பெருச்சாளி! கோபம் வந்தால் பன்றி மாதிரி உறுமும். தெலுங்கில் அதன் பெயர் 'பந்திகொக்கு', அதாவது பன்றியெலி. அதுதான் ஆங்கிலத்தில் 'பேண்டிகூட்' ஆனது. அதன் முன்பற்கள் சாகும்வரை வளரும். கொறித்துத் தேய்த்தே ஆகவேண்டும்.

எந்த வளையில் ஆள் இருக்கிறது? வயக்காட்டில் செய்கிற சோதனைதான். சாயங்காலம் ஐந்தையும் மண்ணால் மூடினோம். காலையில் இரண்டு மட்டும் திறந்திருந்தன.

"விஷம் வச்சிரலாமா?" என்றாள் அக்கா. வேண்டாம் என்றேன். விஷம் தின்ற எலியைக் கூகை பிடித்தால் கூகையும் சாகும். எலி பிடிக்க அதைவிட நல்ல ஆள் ஏது?

கருவாடு வைத்துப் பொறியை இரண்டு ராத்திரி சும்மா திறந்து போட்டோம். புதுப் பொருளைக் கண்டால் எலிக்குச் சந்தேகம். பழகின பிறகே உள்ளே வரும். (வளைக்குள் கையை விடாதீர்கள், பாம்பும் அங்கே குடியிருக்கும். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சலும் பரவும்.)

மூன்றாம் ராத்திரி பொறி மூடியது. உள்ளே கீச்கீச் சத்தம், கூர்மூக்கு, மூக்கைத் துளைக்கும் நாற்றம். மூஞ்சூறு! கரப்பான்பூச்சி பிடித்துத் தின்னும் அப்பாவி. பார்க்க எலி மாதிரி இருந்தாலும் எலி இனமில்லை. அகழெலிக்குத்தான் அது உறவு. மருமகனுக்கு ஒரே சந்தோஷம். "நான் சொன்னேன்ல, மாமா!"

அதைத் திறந்து விட்டோம். சாக்கடைக் குழாய்க்குக் கம்பிவலை கட்டி, மிச்சச் சோற்றை முற்றத்தில் கொட்டுவதை அக்கா நிறுத்திய பிறகு, அந்த இரண்டு வளையும் மூடினது மூடினபடியே இருக்கின்றன.