படகுக்கும் பனியன் துணிதான்!

முதலிபாளையம் சிட்கோவில் படகைத் தேடினால் கிடைக்காது. ஆனால், படகைத் துடைக்கிற துணி வேண்டுமா? சுற்றுவட்டாரத்து கட்டிங் மேஜைகளிலிருந்து மூட்டை மூட்டையாக விழுகிறது. மெக்கானிக் ஷெட், அச்சகம் என்று பலரும் வாங்குகிற அந்த பனியன் வேஸ்ட், ஃபைபர் படகுக்கும் தோதான துணி.

துணியில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு பெருகிவிட்டது. கட்டுமரத்தைக் கரையேற்றி, கட்டை அவிழ்த்து, மரங்களைக் காயவைப்பார்கள். ஃபைபர் அப்படி இல்லை. வெளியே பளபளக்கிற 'ஜெல்கோட்' பூச்சு சுமார் அரை மில்லிமீட்டர்தான். அது தேய்ந்தால் தண்ணீர் உள்ளே இருக்கும் கண்ணாடி நார்வரை இறங்கும். கொப்புளம் கிளம்பும். குத்தினால் வினிகர் வாடையோடு நீர் வரும். படகு கரையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் போச்சு!

அதனால் முதலில் நல்ல தண்ணீரை மேலிருந்து கீழாக ஊற்றி உப்பையும் மணலையும் இறக்கிவிடுங்கள். காய்ந்த உப்போடு வறட்டுத் துணியால் தேய்ப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். (பெயர் பொருத்தத்தைப் பாருங்கள்!) பிறகு வண்டி கழுவும் ஷாம்பு போதும். பாத்ரூம் ஆசிட் பக்கமே போகக் கூடாது. அடியில் ஒட்டியிருக்கும் கொட்டலசைக் காயவிடாமல், ஏற்றிய ஈரத்தோடு மரச்சில்லால் சுரண்டுங்கள். இரும்பு உளி வேகமாக வேலை செய்யும். பூச்சையும் சேர்த்துப் பெயர்க்கும்.

இப்போது துணி. வெள்ளை காட்டன் சிங்கிள் ஜெர்சியாகப் பொறுக்குங்கள். பிரின்ட், ஜிப், பட்டன், தடித்த ஓவர்லாக் தையல் இருந்தால் வெட்டிவிடுங்கள், எல்லாமே கீறும். மூட்டையில் பாலியஸ்டரும் கலந்து வரும், அது தண்ணீரை உறிஞ்சாது. சந்தேகம் வந்தால் ஒரு நூலைக் கொளுத்துங்கள். பஞ்சு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகும். திருப்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை! மணலில் விழுந்த துணியை மறுபடி படகில் வைக்காதீர்கள்.

உள்ளங்கையால் தடவும்போது சுண்ணாம்பு மாதிரி ஒட்டினால், வெயிலில் பூச்சு வெளுத்திருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் ரப்பிங் காம்பவுண்ட். ஒவ்வொரு தடவையும் பூச்சு கொஞ்சம் குறையும் என்பதால் ஆசைக்குத் தேய்க்க வேண்டாம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றி வேலை பார்ப்பார்கள். தண்ணீரிலேயே நிற்கும் படகுகளுக்கு அடியில் பாசி, கொட்டலசு ஒட்டாத பெயின்ட் உண்டு. அது விஷம். வறட்டுத்தனமாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், நனைத்து, முகக்கவசம் போட்டுத் தேய்க்க வேண்டும். முன்பு இதில் கலந்த டிரைபியூட்டைல் டின் என்ற ரசாயனம் சிப்பிகளையே பாதித்ததால், கப்பல் பெயின்ட்டில் அதைச் சேர்ப்பதை 2008-ல் சர்வதேச ஒப்பந்தம் தடுத்துவிட்டது.

கடைசியாக, நீர்மட்டத்துக்கு மேலே மட்டும், நிழலில் வைத்து வாக்ஸ். ஒரு மாதம் கழித்துத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் வாக்ஸ் இன்னும் இருக்கிறது. தட்டையாகப் பரவினால், மறுபடி அந்த பனியன் மூட்டையைப் பிரிக்க வேண்டியதுதான்.