மணிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்

"அப்பா, கதவைச் சாத்தாதீங்க. மணி இன்னும் உள்ள வரல."

ஸ்டாக்ஹோமில் நவம்பர் மாதத்து மாலை. நாலரை மணிதான் ஆகிறது. ஆனால் இருட்டி ஒரு மணி நேரமாகிவிட்டது. ஒரு கையில் மளிகைப் பை, இன்னொரு கையில் மகளின் நனைந்த கையுறைகள். காலால் கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்கிறேன். நடைபாதையில் யாரும் இல்லை. மகள் மட்டும் குனிந்து, "வாடா, பயப்படாத" என்று கூப்பிடுகிறாள். ரெண்டு நொடி கழித்து, "ம்... இப்போ சாத்துங்க" என்கிறாள்.

மணி ஒரு நாய். எங்கள் வீட்டில் நாய் கிடையாது.

இதை நம்மூர் நண்பர்களிடம் சொன்னால் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு சிலர் குரலைத் தாழ்த்தி, "டாக்டர்ட்ட காட்டினீங்களா?" என்று கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மணி வந்த கதை

வேலை கிடைத்ததும் நான்தான் முதலில் சுவீடனுக்கு வந்தேன். மனைவிக்கும் மகளுக்கும் அனுமதி வர எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் அவர்கள் அம்பாசமுத்திரம் பக்கத்தில் என் அம்மா வீட்டில் இருந்தார்கள். அங்கேதான் மணி. தெருநாய்க்கும் வீட்டுநாய்க்கும் நடுவில் ஒரு ஜீவன். தூங்குவது எங்கள் திண்ணையில், சாப்பிடுவது நாலு வீட்டில். நாலு வயது முடிந்த என் மகளுக்கு அவன்தான் எல்லாம். ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று கார் பின்னாலேயே டீக்கடை முக்குவரை ஓடிவந்தானாம். பின் கண்ணாடி வழியாக இவள் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். அழவில்லை என்று மனைவி சொன்னாள். அழாததை நல்ல விஷயம் என்று நினைத்துக்கொண்டோம்.

ஆகஸ்டில் இங்கே வந்தார்கள். செப்டம்பரில் மணியும் வந்துவிட்டான்.

அவள் முதலில் நிஜ நாய்தான் கேட்டாள். நாங்கள் இருப்பது ஒருவரிடமிருந்து உள்வாடகைக்கு எடுத்த வீடு. செல்லப்பிராணி கூடாது என்று ஒப்பந்தத்திலேயே போட்டிருந்தார்கள். அதோடு இந்த ஊர் விதிப்படி, பகலில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நாயை வெளியே கூட்டிப்போக வேண்டும். நான் அலுவலகத்தில், மனைவி சுவீடிஷ் மொழி வகுப்பில். யார் கூட்டிப்போவது? "நாயைத் தனியா விட்டா பாவம்டா செல்லம்" என்று அவளுக்கு விளக்கினேன். சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. மொழி தெரியாத இருபது பிள்ளைகளுக்கு நடுவில் தினமும் எட்டு மணி நேரம் இவளை விட்டுவிட்டு வருகிறோம்.

எனக்குப் பழக்கமான வழி ஒன்றுதான். கோளாறு என்றால் காரணத்தைத் தேடு, சரி செய். ராத்திரி பதினொரு மணிக்கு லேப்டாப்பைத் திறந்து, "குழந்தை இல்லாத நாயோடு பேசுகிறது" என்று தேடியவன் நான்.

மணி சும்மா இருக்கவில்லை. பாலைக் கொட்டியது அவன். செருப்பை ஒளித்து வைத்தது அவன். லிஃப்ட் என்றால் பயம், பனி என்றால் இன்னும் பயம். ஹீட்டர் பக்கத்தில்தான் படுப்பான். ஒருநாள் சாப்பிடும்போது மகள் சாதாரணமாகச் சொன்னாள்: "மணிக்கு ஸ்கூல் புடிக்கலயாம். அங்க யாரும் அவன்கூட பேச மாட்டேங்காங்களாம். அவனுக்குத் தமிழ் மட்டும்தான தெரியும்."

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "ஸ்கூல் எப்படி இருந்துச்சு?" என்று நாங்கள் தினமும் கேட்போம். "நல்லா இருந்துச்சு" என்பாள் தினமும். நாய் மட்டும் உண்மையைச் சொன்னது.

நான் செய்த தப்பு

இவ்வளவு புரிந்தும் ஒருநாள் சறுக்கினேன். காலையில் சுரங்க ரயில் நிலையம். ஒன்பது மணிக்கு எனக்கு முக்கியமான மீட்டிங். ரயில் வந்து கதவு திறந்தது. மகள் அசையவில்லை. "மணி படியில நிக்கான்." கதவு மூடியது. ரயில் போனது. நான் கத்திவிட்டேன். "மணியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது! அவன் ஊர்ல இருக்கான்!"

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ரயிலில் சமர்த்தாக ஏறினாள்.

அதன் பிறகு ஒன்பது நாள் மணியின் பேச்சே இல்லை. பால் கொட்டவில்லை, செருப்பு தொலையவில்லை. வீடு ஒழுங்காக இருந்தது. அந்த ஒழுங்கைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. ஏனென்றால் அவளும் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் என் அம்மா வந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. வழக்கம்போலக் கேட்டார். "மணிப்பய எங்கட்டி? சாப்டானா?"

மகள் முதலில் என்னைப் பார்த்தாள். அப்புறம் போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்து ரகசியமாகச் சொன்னாள். "ஆச்சி, அவன் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிருக்கான். அப்பா ஏசுவாங்கன்னு பயம்."

இதில் வேடிக்கை என்னவென்றால், நிஜ மணி அதே நேரம் ஆச்சியின் முதுகுக்குப் பின்னால் திண்ணையில் படுத்து வாலை ஆட்டிக்கொண்டிருப்பது திரையில் நன்றாகத் தெரிந்தது. பாட்டிக்கும் பேத்திக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. "அவன வெளிய வரச் சொல்லு. அப்பாவ நான் பாத்துக்கிடுதேன்" என்றார் அம்மா. எதையும் தேடிப் படிக்காத அவருக்கு, எனக்குத் தெரியாத ஒன்று தெரிந்திருந்தது.

பிள்ளைகளுக்குத் தெரியும்

அன்று ராத்திரி கொஞ்சம் ஒழுங்காகத் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் மார்ஜரி டெய்லர் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தவர். 1999ல் இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். அவரும் சக ஆய்வாளர்களும் 2004ல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் கற்பனைத் தோழன் இருந்த பிள்ளைகள் 65 சதவீதம். உயிருள்ளதாக நினைத்து விளையாடிய பொம்மைகளும் இந்தக் கணக்கில் சேரும். அதாவது இப்படி ஒன்று இல்லாத பிள்ளைகள்தான் குறைவு.

இரண்டு விஷயம் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. ஒன்று, இந்தத் தோழர்கள் எப்போதும் சொன்னபடி கேட்பதில்லை. படைத்த பிள்ளையோடேயே சண்டை போடுவார்கள், அடம்பிடிப்பார்கள். நம் மணியைப் போல. இரண்டாவது, அக்கறையாகக் கேள்வி கேட்கும் ஆய்வாளரிடம் பிள்ளைகளே சில நேரம், "இது சும்மா விளையாட்டுதான், தெரியும்ல?" என்று சொல்லிவிடுவார்களாம். பெரியவர்கள் குழம்பிவிடக் கூடாதே என்று அவர்களுக்குக் கவலை!

ஆக, மணி இல்லை என்று நான் மகளுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் கத்தியபோது அவளுக்குப் போய்ச் சேர்ந்த செய்தி வேறு. "நீ பேச வைத்திருக்கும் ஒரே வழியும் எனக்குத் தொந்தரவு" என்பதுதான் அது.

ஒரு கயிற்றுக்குள் பத்துப் பேர்

நாம் மட்டும் கற்பனை இல்லாமலா வளர்ந்தோம்? எங்கள் தெருவில் ஒரு கயிற்றின் இரு முனையையும் முடிந்து, உள்ளே பத்துப் பேர் நின்றால் அது பஸ். முன்னால் டிரைவர், பின்னால் விசிலோடு கண்டக்டர். பூவரசு இலை டிக்கெட். சொப்புச் சட்டியில் மண்ணைப் போட்டுக் கிளறினால் சோறு. யாரும் எங்களை டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை.

இன்னும் பின்னால் போனால், நற்றிணையின் 172ஆவது பாட்டில் ஒரு புன்னை மரம் வருகிறது. விளையாட்டாக மணலில் அழுத்திய விதை முளைத்துவிட, நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறார்கள். "இது உங்கள் தங்கை, உங்களைவிடச் சிறந்தவள்" என்று தாய் சொல்லிவிடுகிறாள். வளர்ந்த பிறகும், அந்த மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேசக் கூச்சமாக இருக்கிறது என்கிறார்கள். தங்கை பார்க்கிறாளே! அந்தத் தாய் மரத்துக்கு உறவு சொன்னாள். என் அம்மா நாய்க்குச் சாப்பாடு கேட்டார். ரெண்டும் ஒரே புத்திதான்.

வித்தியாசம் ஒன்று இருக்கிறது. என் கயிற்றுப் பஸ்ஸில் பஸ் மட்டும்தான் கற்பனை, பயணிகள் நிஜம். என் மகள் பயணிகளையும் சேர்த்துக் கற்பனை செய்ய வேண்டியிருந்தது. என் குற்றவுணர்ச்சி எல்லாம் அந்த இடத்தில்தான். அவளுடைய கற்பனையில் எந்தக் கோளாறும் இல்லை. அவளைச் சுற்றி ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இந்த நாட்டுக்காரர்களுக்கு இது புதிதில்லை. ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரனின் 'கூரை மேல் கார்ல்சன்' 1955ல் வந்த புத்தகம். ஸ்டாக்ஹோமில் அப்பா, அம்மா, அண்ணன், அக்கா என்று நிறைந்த வீட்டில் தனியாக உணரும் கடைக்குட்டிப் பையன் நாய் வேண்டும் என்று ஏங்குகிறான். முதுகில் விசிறியோடு பறக்கும் ஒரு குட்டி மனிதன் அவனுக்கு நண்பனாகிறான். வீட்டில் யாரும் நம்புவதில்லை. குனில்லா பெரிஸ்ட்ரோமின் 1976ஆம் ஆண்டுப் புத்தகத்தில், அப்பாவோடு மட்டும் வாழும் அல்ஃபோன்ஸ் என்ற பையனுக்கு மோல்கன் என்று ஒரு ரகசியத் தோழன். இவர்களோடு வளர்ந்தவர்கள்தான் இன்று இங்கே ஆசிரியர்கள்.

மணியின் மொழிபெயர்ப்பாளர்

ஜனவரியில் பாலர் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. உட்கார்ந்ததும் ஆசிரியை கேட்ட முதல் கேள்வி, "மணி எப்படி இருக்கிறான்?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவருக்கு எப்படித் தெரியும்?

அவர் சொன்னார். மாதக்கணக்கில் மகள் வாயே திறக்கவில்லை. ஒருநாள் வட்டமாக உட்காரும் நேரத்தில் ஒரு பையன் இவள் பக்கத்தில் உட்காரப் போயிருக்கிறான். இவள் சுவீடிஷ் மொழியில் சத்தமாக, "உட்காராதே! அங்க நாய் இருக்கு!" என்றாளாம். எல்லோர் முன்னாலும் அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான். ஆசிரியை திருத்தவில்லை, சிரிக்கவில்லை. "அப்படியா, நாய் பேர் என்ன?" என்று கேட்டிருக்கிறார். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். மணியிடம் கேள்வி மேல் கேள்வி. ஆனால் மணிக்குத் தமிழ் மட்டும்தானே தெரியும்? அதனால் இவள் அவர்களுக்கும் மணிக்கும் நடுவில் மொழிபெயர்க்க ஆரம்பித்தாள். சொல் தெரியாத இடத்தில் ஆசிரியையிடம் கேட்டுக் கேட்டுச் சொல்லியிருக்கிறாள்.

வெளியே வந்து காருக்குள் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் கத்தி விரட்டப் பார்த்த நாய்தான் என் மகளைக் கையைப் பிடித்து மற்ற பிள்ளைகளிடம் கூட்டிப்போயிருக்கிறது.

இதைப் படிக்கும் வெளிநாட்டுத் தமிழ்ப் பெற்றோர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். உங்கள் வீட்டில் இப்படி ஒரு நாயோ, பூனையோ, யானையோ வந்தால் விரட்டாதீர்கள். அதற்காக நீங்களே இழுத்துப் பிடித்து நடத்தவும் வேண்டாம். அது பிள்ளையின் நாய். என்ன சொல்கிறது என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை நேராகச் சொல்ல முடியாததை அது சொல்லும். அந்தத் தோழனைக் கண்டு பிள்ளையே நடுங்கினாலோ, தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்கிறது என்றாலோ, நிஜப் பிள்ளைகள் விளையாடக் கூப்பிட்டும் நீண்ட நாள் விலகியே இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி ஒரு தட்டு கூட வைத்தால் போதும்.

கோடைக்காலம் வந்தது. பையன்களும் பெண்களுமாக மூன்று நிஜப் பிள்ளைகள் எங்கள் வீட்டு மணியை அடித்தார்கள். ஜூலையில் ஒருநாள் நான்தான் கேட்டேன், "மணி எங்கம்மா, காணோம்?"

"அவன் ஊருக்குப் போயிட்டான்பா. ஆச்சி தனியா இருக்காங்கள்ல" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டாள்.

அவள் மறந்துவிட்டாள். எனக்குத்தான் பழக்கம் விடவில்லை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கதவை உடனே சாத்த வருவதில்லை. ரெண்டு நொடி பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.